கன்னியம்மாளுக்குச் சீட்டு கிடைத்த நாள்

25-6-2001

அன்பு மகன் கிரண்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் நைனா, தங்கச்சி பத்மினி மூன்று பேரும் பெரிய சீக்கு எதுவும் இல்லாமல் இருக்கிறோம். நீ அந்தக் குவைத்து வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணுக்குத் தூக்கம் கொடுத்து, உடம்பு இளைக்காமல் இருக்க வேண்டும் என்று காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். பத்மினி காலேஜில் இன்டர் முதல் வருஷம் பாஸ் செய்துவிட்டாள், கணக்கில் மட்டும் மார்க்கு குறைவு. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரிக் கன்று. மழை இன்னும் இல்லை. வேர்க்கடலை விதையை வைத்துக்கொண்டு எல்லாரும் வானத்தைப் பார்க்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை நீ டீக்கடைக்குப் போன் செய்தபோது கன்னியம்மா பெரியம்மாவுக்குக் கட்சி சீட்டு கிடைத்துவிட்டதாமே, ஊரே கொண்டாடுகிறதாமே, நீ மட்டும் ஏம்மா செத்த குரலில் பேசுகிறாய் என்று கேட்டாய். அங்கே டீ குடித்துக்கொண்டு எட்டுப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். தொண்டை கட்டியது நிஜம்தான். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படி.

இந்தத் தடவை நம்ம மண்டல பிரசிடெண்ட் பதவி எஸ்.சி. பெண்களுக்கு என்று ரிசர்வ் ஆகிவிட்டது. முதலில் ஊர் ஓட்டில் எம்.பி.டி.சி., அதாவது மண்டல மெம்பராக ஜெயிக்க வேண்டும், அப்புறம் ஜெயித்த மெம்பர்கள் கூடி பிரசிடெண்ட்டை எடுப்பார்கள். ஆனால் யார் பிரசிடெண்ட் ஆகப்போகிற ஆள் என்பதைக் கட்சி முன்னாலேயே சொல்லிவிடும். ரிசர்வேஷன் சேதி வந்த அன்றைக்கே உன் நைனாவும் வீராசாமி மாமாவும் கன்னியம்மா அக்கா பேரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வேறு யார் பேரைச் சொல்வது? நீ மூன்றாம் கிளாஸ் படிக்கும்போது ஏரி மேட்டு நிலத்துக்குப் பட்டா கேட்டு எம்.ஆர்.ஓ. ஆபீஸ் முன்னால் நாற்பது நாள் உட்கார்ந்தோமே, உனக்கு ஞாபகம் இருக்கும், அங்கேதான் நீ ஸ்லேட்டில் வீட்டுப்பாடம் எழுதுவாய். அந்த நாற்பது நாளும் எழுந்து போகாமல் உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான். உன் நைனாவையும் வீராசாமி மாமாவையும் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்ப் பதினோரு நாள் வைத்திருந்தபோது நாங்கள் எல்லாம் பயந்து வீட்டுக்குப் போகலாம் என்றோம். அவள் மட்டும், நீங்க போங்க, நான் இங்கியே துன்னு இங்கியே படுத்துக்கறேன் என்றாள். இன்றைக்கு நாம் ஒன்றரை ஏக்கர் வைத்துப் பயிர் செய்கிறோம் என்றால் அவள் அன்றைக்கு எழுந்து போகாததால்தான். அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் கட்சிக்குக் கொடி கட்ட நம் ஆட்கள், லாரியில் ஏற்றிக்கொண்டு போக நம் ஆட்கள். சீட்டு என்று வந்தால் வேறு தெருவுக்குப் போய்விடும்.

இப்போதும் அப்படித்தான் பார்த்தார்கள். ரைஸ்மில்காரர், அவர்தான் இங்கே கட்சிக்கு எல்லாம், மே மாசம் ஒரு நாள் ஜீப்பில் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். உன் நைனா புத்தூருக்கு மோட்டார் ரிப்பேர் செய்யப் போயிருந்தார், பத்மினி டியூஷனில் இருந்தாள். நான் ஒருத்தி சாணி வாரிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் நம் காலனிக்குள் கால் வைக்காதவர், நம் நாற்காலியில் உட்கார்ந்து நம் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, வெங்கடலட்சுமி, நீ எட்டாவது வரைக்கும் படிச்சவ, தெலுங்கும் படிக்கிற, அந்தக் கன்னியம்மாவுக்குக் கையெழுத்தே வராது, நீயே நில்லு, பிரசிடெண்ட் நீதான் என்றார். நான் திகைத்துப் போய் நின்றேன். ஒண்ணும் கஷ்டம் இல்ல, நான் காட்டற எடத்துல சைன் போடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன் என்றார். அதைக் கேட்டதும் எனக்குத் திகைப்பெல்லாம் போய்விட்டது. வேணாங்க, எங்க வீட்டுக்காரரு வரட்டும் என்றேன்.

கிரண், இதற்கு அடுத்து அவர் சொன்னதைத்தான் நான் இன்று வரைக்கும் உன் நைனாவிடம் சொல்லவில்லை. உம் பிள்ள குவைத்துல டிரைவரா கஷ்டப்படறான்னு கேள்விப்பட்டேன், எங்க மச்சான் திருப்பதியில டிராவல்ஸ் வெச்சிருக்கான், நீ சரின்னு சொன்னா அடுத்த மாசமே அவன கூப்ட்டுக்கோ, வேலையும் தங்க ரூமும் என் பொறுப்பு என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் சாணிக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சங்கராந்திக்கு நீ போனில் என்ன சொன்னாய் என்று எனக்கு மறக்குமா? கார் ஷெட்டை ஒட்டின ரூம்ல படுத்திருக்கேம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கும் சாவிய தூக்கிக்கினு ஓடணும், அங்க எங்கியாவது ஒரு வேலைன்னு சொல்லு, நடந்தாவது வந்துடறேன் என்றாயே. திருப்பதி என்றால் ஒன்றரை மணி நேர பஸ். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டில் சாப்பிடுவாய்.

உன் நைனா சாயங்காலம் வந்தார். மில்காரர் என்னை நிற்கச் சொன்னார், வேண்டாம் என்றேன் என்று பாதியை மட்டும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, தெருவெல்லாம் போய், எங்க வீட்ல வேணான்னு சொல்ட்டா, மில்காரன் மூஞ்சி எப்டி போச்சின்னு தெரியுமா என்று சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மாசம் அவரோடு நானும் ஊர் ஊராக நடந்தேன். கார்வேட்டிநகரம், வெதுருகுப்பம் பக்கத்துக் காலனி எல்லாம் போய் கட்சிக்காரர்களைப் பார்த்து, கன்னியம்மா பேரைச் சொல்லுங்கள் என்று கேட்டோம். ஒரு வீட்டில் மோர் கொடுப்பார்கள், ஒரு வீட்டில் கதவே திறக்க மாட்டார்கள். குதிகால் வெடித்து ரத்தம் வந்தது. பத்மினிதான் அடுப்பையும் பார்த்து மாட்டையும் பார்த்தாள். நடக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரே நினைப்பு. நான் யாருக்கு நடக்கிறேன், என் பிள்ளைக்கு எதிராகவா நடக்கிறேன் என்று.

பதினெட்டாம் தேதி திருப்பதியில் முடிவு சொல்கிறோம் என்றார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம். நாங்கள் இருபத்து மூன்று பேர் ஒரு டெம்போவில் போனோம். காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தால் பதினொன்று ஆகியும் யாரும் வரவில்லை. ஜில்லா முழுக்க அவரவர் ஆளுக்குச் சீட்டுக் கேட்டு வந்த கூட்டம். ஃபேன் மேலே சுற்றுகிறது, காற்று கீழே வரவில்லை. தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தார்கள், புளித்திருந்தது. கன்னியம்மா அக்கா அதைத் தொடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. துணி ஆலையில் வேலை செய்கிற செல்வி, வீராசாமி மாமாவின் தம்பி மகள், லீவு சொல்லாமல் வந்துவிட்டு முதலாளி என்ன சொல்வானோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நம்ம ஏழுமலை, உனக்குத் தெரியுமே, எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அந்தப் பக்கம் அவன், மில்காரர் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினான், எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டான்.

மூன்று மணிக்கு என்னைப் பேர் சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள். கன்னியம்மா அக்காவை இல்லை, என்னை. நம் ஆட்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வீராசாமி மாமா பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது, சந்தேகமா கெஞ்சலா என்று தெரியாத பார்வை. உள்ளே போகிற வழியில் மில்காரர் நின்றுகொண்டிருந்தார். மெதுவாக, நான் சொன்னது சொன்னதுதான், பிள்ளைய நெனச்சிக்கோ என்றார். உள்ளே ஏ.சி. ரூம். வேர்த்த உடம்பு சில்லென்று ஆகி எனக்கு நடுக்கமே வந்துவிட்டது. சித்தூரிலிருந்து வந்த ஜில்லா தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். மண்டலத்தில் எல்லாரும் உன்னைத்தான் கேட்கிறார்கள் என்று மில்காரர் சொல்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று தெலுங்கில் கேட்டார். செப்பம்மா, நீகு காவாலா என்றார். உனக்கு வேணுமா என்று அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார், டீ வேணுமா என்று கேட்கிற மாதிரி.

எனக்கு வேணும் கிரண். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வேணும் என்றுதான் இருந்தது. பிரசிடெண்ட் பதவி இல்லை, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலிருந்து நீ இறங்கி வருவது வேணும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் கதவுக்கு வெளியே அவள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் உட்கார்ந்ததால் வந்த நிலத்தில் விளைந்ததைத் தின்றுதான் நீ வளர்ந்தாய். நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் நீ வந்து சாப்பிடுகிற சோறு உன் தொண்டையில் இறங்கியிருக்கலாம், எனக்கு இறங்காது. எனக்கு வேணாம் சார், எங்க காலனியில எல்லாரும் கன்னியம்மாவத்தான் கேக்கறாங்க, நானும் அவங்களத்தான் கேக்கறேன் என்றேன். அவர் மில்காரரை ஒரு தரம் பார்த்தார். படிக்கத் தெரியாதவங்க உள்ள ஒக்காந்து எப்படிம்மா ஆபீஸ் நடத்துவாங்க என்றார். எங்கிருந்து அந்த தைரியம் வந்தது என்று தெரியவில்லை, ஆபீஸுக்கு வெளிய நாப்பது நாள் ஒக்காந்தவளுக்கு உள்ள போயி ஒக்கார தெரியாதா சார் என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். மில்காரர் சிரிக்கவில்லை.

நாலரை மணிக்கு மைக்கில் பேர்களைப் படித்தார்கள். நம் மண்டலம் வந்தது, கன்னியம்மா பேரைச் சொன்னார்கள். நீ டி.வி.யில் பார்ப்பது மாதிரி உடனே எல்லாரும் குதித்தார்கள் என்று நினைக்காதே. முதலில் யாருக்கும் புரியவில்லை. செல்விதான், பெரிம்மா பேரு, பெரிம்மா பேரு என்று கத்திக்கொண்டு நாற்காலி மேல் ஏறிவிட்டாள். பிறகு ஆட்டம் ஆடினாள், தாவணி அவிழ்ந்து விழுந்ததுகூடத் தெரியாமல். வீராசாமி மாமா தலைத்துண்டை எடுத்து மடித்து மடித்துச் சின்னதாக்கிக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். என்ன மாமா என்று கேட்டால், எங்கூட்டம்மா இருந்திருந்தா என்றார். அந்த நாற்பது நாளும் கூழ் கொண்டு வந்து ஊற்றியது அவர் வீட்டம்மாதானே, போய் ஆறு வருஷம் ஆகிறது. உன் நைனா இத்தனை வருஷமாக எல்லா ஊர்வலத்திலும் முதல் ஆளாக ஜிந்தாபாத் போடுகிறவர், அன்றைக்கு வாயைத் திறக்கிறார், சத்தமே வரவில்லை. ஒரு மாசம் கத்திக் கத்தித் தொண்டை அடியோடு போய்விட்டது. கையை மட்டும் தூக்கித் தூக்கி இறக்குகிறார், கண்ணில் தண்ணீர். ஏழுமலை எங்கிருந்தோ ஒரு மாலையை வாங்கிக்கொண்டு ஓடி வந்து எல்லாருக்கும் முன்னால் அக்கா கழுத்தில் போட்டுவிட்டான். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? மாலையோடு என்னிடம் வந்து காதில், ஏமே, இங்க பொம்பளைங்க போறதுக்கு எங்கியாவது எடம் இருக்குமா, காலையிலருந்து அடக்கிக்கினு இருக்கேன் என்றாள். அந்த மண்டபத்தில் ஒரே ஒரு கக்கூஸ், அதுவும் ஆம்பளைகள் நிற்கிற பக்கம். அவளை நான் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபம், ரோடு எல்லாம் தாண்டி ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மலைக்குப் போய் மொட்டை போட்டு வந்த கூட்டத்துக்கு நடுவில் மாலையும் கழுத்துமாக ஓடுகிறோம், யாரோ புதுசாகக் கல்யாணம் ஆனவர்களோ என்று பார்க்கிறார்கள். அவள் உள்ளே போய்விட்டாள். நான் வெளியே மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை என்று அங்கே போனவர்கள் நினைத்திருப்பார்கள்.

திரும்பி வருகிற டெம்போவில் புத்தூர் தாண்டுவதற்குள் எல்லாரும் தூங்கிப் போனார்கள், செல்விகூட. உன் நைனா என் தோளில் தலை போட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவர் தலை முழுசாக நரைத்துவிட்டது, நான் இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

மறுநாள் காலை கன்னியம்மா அக்கா வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து, மில்காரன் உன்ன எதுக்கு ஓரமா நிறுத்தி பேசனான் என்று கேட்டாள். அவளிடம் மறைக்க முடியாது, சொல்லிவிட்டேன். அடுப்பில் எரிகிற விறகை உள்ளே தள்ளினாள். அப்புறம், எனக்கு தெரிஞ்சிருந்தா உன்னியே நிக்க சொல்லியிருப்பேன் லட்சுமி, எனக்கு இந்த சீட்டு பெருசு இல்ல, பிள்ள தான் பெருசு என்றாள். அதாங்கா நான் சொல்லல என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷமா இருக்கறியாக்கா என்று கேட்டேன். இன்னும் தெரியலமே, ரெண்டு நாள் தூங்கி எழுந்து சொல்றேன் என்றாள். தூங்க எங்கே விட்டார்கள்? மறுநாளே நாமினேஷன். விழுந்து எழுந்து ஐந்து நாளாகத் தெருத் தெருவாகப் போகிறோம். மில்காரர் வாய் திறந்து எதிர்க்கவில்லை, ஆனால் வீட்டை விட்டு வெளியே வரவும் இல்லை, நம் காலனி ஆட்கள் யாரையும் வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. செல்வியை ஆலையில் நான்கு நாள் நிறுத்தி வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சீட்டு கிடைத்ததற்கே இப்படி என்றால் இன்னும் ஓட்டு நடக்க வேண்டும், ஜெயித்த பிறகு மெம்பர்கள் கை தூக்க வேண்டும். நினைத்தாலே எனக்கு உட்கார வேண்டும் போல் இருக்கிறது.

நான் செய்தது சரி என்று உன்னிடம் வாதாட வரவில்லை கண்ணு. உன்னைக் கேட்காமல் உன் வாழ்க்கையில் ஒரு கதவை மூடிவிட்டேன். நாளைக்கு யாராவது ஊர்க்காரர் மூலமாக இது உன் காதுக்கு வரும், அதற்கு முன்னால் என் கையால் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன். வேலையை ஆத்திரத்தில் விட்டுவிடாதே. விசா முடிய இருக்கிற ஒன்றரை வருஷத்தை எண்ணிக்கொண்டிருக்காதே, எண்ணினால் நீளும். தண்ணீர் நிறையக் குடி. வண்டி ஓட்டும்போது தூக்கம் வந்தால் முதலாளி திட்டினாலும் பரவாயில்லை, ஓரமாக நிறுத்து. அங்கே கூட இருக்கிற ஹரிபாபுவோடு சண்டை போடாதே, அவன் அம்மா தினமும் அவனைக் கேட்கிறாள். உனக்கு ஒரு கெடுதியும் வராது, நீ நூறு வருஷம் நல்லபடியாக இருப்பாய், அம்மா மனசார ஆசீர்வாதம் செய்கிறேன், நைனாவும் செய்கிறார்.

ஒன்று மறக்காதே. உன் கடிதத்தை நைனாவுக்கு நான்தான் படித்துக் காட்டுகிறேன், உனக்குத் தெரியும். அந்த வேலை விஷயம் அவருக்குத் தெரிய வேண்டாம், இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு சந்தோஷம் அவருக்கு. அதனால் என்னைத் திட்டி எழுத வேண்டும் என்று இருந்தால் எழுது, ஆனால் முன்னாலே எழுதாதே, கடைசியில் எழுது. அந்த இடம் வந்ததும் நான் நிறுத்திக்கொள்கிறேன். மீதியை அவர் தூங்கின பிறகு நான் படித்துக்கொள்வேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
வெங்கடலட்சுமி